சலங்கை கட்டாத பிள்ளை

போன சனிக்கிழமை ராசிபுரம் போய்வந்தேன். போனது அந்த ஊர் நெய்க்காக. வெளியில் சொல்லிக்கொண்டது என்னவோ மனைவிக்குச் சேலை வாங்க என்று.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் நாக்கைப் பற்றித் தெரியாதா என்ன!

சேலத்திலிருந்து கரி பஸ். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த நாளாக பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிவிட்டிருக்கிறார்கள். மேடு வந்தால் கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிடுகிறார். டிக்கெட்டும் வாங்கி, மல்லூர் தாண்டி நடக்கவும் நடந்தால்... யுத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றுதான் சொல்லவேண்டும்.

ராசிபுரத்தில் என் சிநேகிதன் அர்த்தனாரி இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. பிற்பாடு நான் பேனாவைப் பிடித்தேன், அவன் தறியைப் பிடித்தான். இரண்டு பேரில் எவன் உருப்படியாக வேலை செய்கிறான் என்பதில் என் மனைவிக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

அவன் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. முன்கூடத்தில் தரையைத் தோண்டிக் குழி வைத்திருப்பார்கள். குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்க, நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட, பலகை வந்து அடிக்க... டடக், டடக், டடக். ஒரு தறி என்றால் சகிக்கலாம். தெரு முழுக்க அதுவே என்றால்? நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. நான் சொன்னதற்கெல்லாம் அர்த்தனாரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தைகூட அவன் காதில் விழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வீட்டில் எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். ஒளிப்பானேன்?

வாசலில் என்னைப் பார்த்ததும் அர்த்தனாரி தறியைவிட்டு எழுந்தான். எழுந்தவன் 'வா' என்று சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பலகையை இழுத்துக் குழியை மூடினான். நாலு மூலையும் சரியாக உட்கார்ந்ததா என்று காலால் மிதித்துப் பார்த்தான். அப்புறம்தான் 'வாப்பா' வந்தது. வந்த விருந்தாளியைவிடக் குழி பெரிதாகப் போய்விட்டதா?

கைகால் கழுவலாம் என்று புறக்கடைக்குப் போனேன். கிணற்றைச் சுற்றி முள்வேலி, வாசலுக்கு ஒரு படல். படலைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் என் நகம் பிய்ந்துவிட்டது. சாயப் பானைகள் இருந்த கொட்டகைக்குப் பூட்டு. சீமெண்ணெய் விளக்கு என் கைக்கே எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கியது. இது வீடா, ஜெயிலா என்று அர்த்தனாரியைக் கேட்டேன். அவன் சிரித்தான். எல்லாம் தன் சம்சாரத்தின் உத்தரவு என்றான்.

அவன் மனைவி பேர் பாவாயி. ஒல்லியாக, அதிராமல் பேசுகிற பெண். பதின்மூன்று வயதில் ஒரு மகள், பழனியம்மா. அவளுக்குப் பிறகு வெகு காலம் பிள்ளை இல்லை. கும்பிடாத கோயில் இல்லை. அப்புறம் திருச்செங்கோட்டு மலையேறி வேண்டிக்கொண்டு பிறந்தவன் செங்கோடன். இப்போது இரண்டு வயசு. ஓரிடத்தில் நிற்கமாட்டான். அரைஞாண் கயிற்றில் ஒரு வெள்ளிச் சலங்கை. ஓடினால் கிணிகிணி, நின்றால் கப்சிப்.

இந்தத் தெருவில் பிள்ளை வளர்ப்பதில் என்ன கஷ்டம் தெரியுமா? பிள்ளை அழுதால் கேட்காது. விழுந்தால் கேட்காது. சலங்கையும் புறக்கடையிலிருந்தால் கேட்கும், முன்கூடத்திலிருந்தால் கேட்காது. அதற்கும் பாவாயி ஒரு வழி பண்ணியிருந்தாள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அர்த்தனாரி அதைப் பெருமையாகச் சொன்னான்.

யார் வீட்டிலாவது பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் அந்த வீட்டுத் தறிக்காரர் நாடாவை ஓட்டாமல் தறிப்பலகையை மட்டும் மூன்று தரம் ஓங்கி அடிக்கவேண்டும். வெறும் அடிக்கு ஓசை வேறு. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டதும் தானும் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத் தறியை நிறுத்துவார். அவருக்கு அடுத்தவர், அதற்கும் அடுத்தவர்... தெருவே அடங்கிவிடும். அந்த அமைதியில் பிள்ளையின் சலங்கை எங்கே கேட்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டியது. கிடைத்ததும் பழையபடி டடக், டடக்.

முதலில் ஆம்பிளைகள் சிரித்தார்களாம். பிள்ளைக்காகத் தறியை நிறுத்தினால் பிழைப்பு நடக்குமா என்றார்களாம். பாவாயி சண்டை போடவில்லை. வீடு வீடாகப் போய் அவரவர் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கேட்டாளாம். பேரைச் சொன்ன பிறகு எவனுக்கு மறுக்க வாய் வரும்?

எனக்கு நெய்ச்சோறு இறங்கியது. கூடவே எரிச்சலும் கொஞ்சம் இறங்கியது.

இத்தனை சத்தத்தில் பையன் எப்படித் தூங்குகிறான் என்று கேட்டேன். பாவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தத்தில்தான் தூங்குவானாம். தறி நின்றால் உடனே விழித்துக்கொள்வானாம். அமாவாசைக்குத் தறிக்கு லீவு. அன்றைக்குப் பகலில் பொட்டுத் தூக்கம் கிடையாது, வீட்டையே இரண்டாக்குவான் என்றாள். நான் அதையும் ஒரு வேடிக்கையாகக் கேட்டுக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெய் வாங்கிக்கொண்டேன்.

அன்றைக்குச் சனிக்கிழமை இல்லையா? காலையில் பையனுக்கு எண்ணெய்க் குளியல். குளிப்பாட்டுவதற்காகச் சலங்கையை அவிழ்த்து, பிறகு கட்டிவிடச் சொல்லிப் பழனியம்மாவிடம் கொடுத்திருந்தாள் பாவாயி. புறக்கடையில் ஓர் ஆட்டுக்குட்டி உண்டு. தம்பியைச் சிரிக்கவைக்கிறேன் என்று பழனியம்மா சலங்கையை அதன் கழுத்தில் கட்டினாள். குட்டி துள்ளியது, தம்பி கைகொட்டிச் சிரித்தான். அந்தச் சமயம் பார்த்துத் தார் தீர்ந்துவிட்டது என்று தறியிலிருந்து அப்பன் கூப்பிட்டான். தார் என்றால் நாடாவுக்குள் வைக்கிற நூல்கண்டு. அதைச் சுற்றித் தருவது பழனியம்மாவின் வேலை. ஓடினாள், ராட்டையில் உட்கார்ந்தாள், சுற்றினாள்... சலங்கையை மறந்துபோனாள்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் பாயில் சாய்ந்திருந்தேன் என்பதும், தறிச் சத்தம் என் கபாலத்துக்குள் புகுந்துவிட்டது என்பதும்தான்.

பாவாயி புறக்கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சலங்கை கேட்டுக்கொண்டே இருந்ததால் பையன் பக்கத்தில்தான் விளையாடுகிறான் என்று இருந்துவிட்டாள். வேலை முடிந்து உள்ளே வந்தவள், தூங்கவைக்கிற நேரமாயிற்றே என்று பையனைத் தேடினாள். கூடத்தில் இல்லை. என் பாயருகில் இல்லை. புருஷனைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினாள்.

அர்த்தனாரி நாடாவை நிறுத்தினான். தட்... தட்... தட்.

பக்கத்து வீட்டில் மூன்று. எதிர் வீட்டில் மூன்று. தெருக்கோடி வரை போயிற்று அது. பிறகு சத்தமே இல்லை. காலையிலிருந்து அந்தச் சத்தத்தை வைதுகொண்டிருந்த நான், அது நின்றதும் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

கிணிகிணி... புறக்கடையில், முருங்கை மரத்துப் பக்கம். அப்பாடா!

அர்த்தனாரி என்னைப் பார்த்து, சொன்னேன் பார்த்தாயா என்கிற மாதிரி தலையசைத்துவிட்டு மறுபடி தறியை ஓட்டினான். தெருவும் ஓட்டியது. நான் பாயில் சாய்ந்தேன். பாவாயி பையனைத் தூக்கிவரப் போனாள்.

வரும்போது அவள் இடுப்பில் ஆட்டுக்குட்டி இருந்தது. அதன் கழுத்தில் சலங்கை.

ராட்டையில் இருந்த பழனியம்மா எழுந்து நின்றாள். பாவாயி அவளை ஒரு பார்வை பார்த்தாள். குட்டியை இறக்கிவிட்டுப் புருஷனிடம் போய், பையனைக் காணோம் என்றாள்.

மறுபடியும் மூன்று தட்டு. சற்றுமுன் கிடைத்துவிட்ட பிள்ளைக்கு மறுபடியும் ஏன் தட்டுகிறார்கள்? தெருவுக்குப் புரிந்துவிட்டது. இந்தத் தடவை தறி நின்றதோடு போகவில்லை. எல்லோரும் எழுந்து ஓடிவந்துவிட்டார்கள். ஆளுக்கொரு திசையில் கூச்சல். கிணற்றைப் பார், கிணற்றைப் பார் என்று யாரோ கத்த, படலைப் பிய்த்து எறிந்துவிட்டு நாலு பேர் எட்டிப் பார்த்தார்கள். அதில் ஒருவன் நான். எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியதும் நான்தான். செங்கோடா, செங்கோடா என்று ராசிபுரத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கத் தயாரானார். சொல்ல வெட்கமில்லை, எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது பாவாயி எங்கள் நடுவில் வந்து நின்றாள்.

"சத்தம் போடாதீங்க. ஒருத்தரும் பேசவேண்டாம். சலங்கை போனாப் போகுது, இது அவன் தூங்கற நேரமுங்க. எங்கியோ படுத்துத் தூங்கறான். தறி நின்னா முழிச்சுக்குவான். நீங்க போடற சத்தத்துல எப்படீங்க முழிப்பான்?"

பெற்றவள் அவள். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழவேண்டியவள். அவள் வாயை மூடச் சொன்னபோது எவனுக்கு வாய் திறக்கும்? தெரு மூச்சுவிடாமல் நின்றது. எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்க, அதன் தாய் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டி துள்ளப் பார்த்தது. யாரோ அதன் சலங்கையைக் கையால் பொத்தினார்கள்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுவிட்டேன்.

உள்ளே எங்கேயோ ஒரு சின்னச் சத்தம். தொண்டைக்குள் அமுக்கிய மாதிரி. பிறகு இன்னொன்று. அழுகை!

பாவாயி பறந்தாள். நாங்கள் அவள் பின்னால். உள்ளறையில் சுவரோரம் பெரிய மரப்பெட்டி ஒன்று, நூல்பெட்டி. அவள் மூடியைத் தூக்கினாள். உள்ளே வேப்பிலை மேல் செங்கோடன், வேர்வையில் நனைந்து, முகம் செக்கச்செவேல் என்று, தாயைக் கண்டதும் வீறிட்டு அழுதான். அந்த அழுகையைப்போல இனிமையான சங்கீதத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

ஏன் அந்தப் பெட்டியை யாருமே பார்க்கவில்லை? அந்த அறையில் இரண்டு தடவை தேடியிருக்கிறார்கள். நெசவாளி வீட்டில் நூல்பெட்டி என்றால் அது நிறைந்திருப்பது. அர்த்தனாரியின் அப்பன் காலத்திலும் பாட்டன் காலத்திலும் அதில் ஓர் எலி நுழையக்கூட இடம் இருந்ததில்லை. பிள்ளை எப்படி நுழையும்? குழியை மூடினார்கள், கிணற்றுக்கு வேலி போட்டார்கள், சாயத்தைப் பூட்டினார்கள். பெட்டியைப் பற்றி நினைக்க வேண்டியதே இல்லை. ஆனால் இப்போது நூலுக்கு ரேஷன். வருகிற கொஞ்சநஞ்ச நூலும் நேரே தறிக்குப் போய்விடுகிறது. பெட்டி காலி! காற்றாடட்டும் என்று காலையில் பாவாயி வேப்பிலை போட்டு, மூடிக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருக்கிறாள். பையன் ஏறி இறங்கியிருக்கிறான், கட்டை நழுவியிருக்கிறது. எங்கேயோ நடக்கிற சண்டை ராசிபுரத்து நூல்பெட்டிக்குள் வந்து ஒளிந்துகொள்ளும் என்று யார் கண்டார்கள்?

ஒரே சந்தோஷம். பெண்கள் திருஷ்டி கழித்தார்கள். அர்த்தனாரி உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நான் மூக்கைச் சிந்திக்கொண்டேன். ஆளாளுக்குப் பிள்ளையை வாங்கிக் கொஞ்ச ஆரம்பித்தோம்.

இவ்வளவுதான் கதை என்றால் நான் இந்த வாரம் நெய்யைப் பற்றி எழுதியிருப்பேன்.

பாவாயி பையனுக்குத் தண்ணீர் புகட்டினாள், நெற்றியைத் துடைத்தாள், முத்தம் கொடுத்தாள். அப்புறம் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, அத்தனை நேரம் தவித்துக் கண்டெடுத்த பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"கெடைச்சவன் கெடைச்சுட்டான். புடிங்ணா. பெரியவளைக் காணோம்."

எங்களில் ஒருவருக்காவது அந்த நினைப்பு வந்ததா? பழனியம்மா கூட்டத்தில் இல்லை. ராட்டை அருகில் இல்லை. யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லைதான். ஆனால் 'ஆட்டுக்குட்டிக்குக் கட்டினது யாரு' என்று கூட்டத்தில் ஒரு கிழவர் கேட்டது என் காதிலேயே விழுந்திருந்தது. அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்?

பையனை இடுக்கிக்கொண்டு நானும் புறக்கடை வாசல்வரை போனேன். கிணற்றுப் படலை நாங்கள் பிய்த்துப் போட்டது போட்டபடி கிடந்தது. அத்தனை பேரில் ஒருவனுக்கும் அதைத் திரும்பக் கட்டத் தோன்றவில்லை. கிணற்று மேடைமீது அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி.

கத்தியிருப்பேன். பாவாயி கையைப் பின்பக்கம் அசைத்து, அங்கேயே நில்லுங்கள் என்று காட்டினாள்.

அவள் ஓடவில்லை. கூப்பிடவில்லை. தண்ணீர் இறைக்கப் போகிறவளைப்போல நடந்துபோய் மகளை ஒட்டி உட்கார்ந்தாள். அவள் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தெருவில் இன்னும் தறி ஓட்டாததால் பிறகு அவள் பேசியது எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"நீ சலங்கையை மாத்திப்போட்டே. நான் பொட்டியத் தொறந்து வெச்சுட்டேன். யாரு பெரிய தப்புன்னு எடைபோட்டுட்டு இருந்தா பொழுது போயிரும். தம்பி உன்னியத் தேடறான். வா சாமி, உங்கப்பனுக்குத் தார் சுத்தோணும்."

அப்புறம்தான் அந்தப் பெண் அழுதாள். தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உடம்பெல்லாம் குலுங்க அழுதாள். பாவாயி முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த நேரத்தில் செங்கோடன் என் புது வேட்டியை நனைத்துவிட்டான். நான் அசையவே இல்லை. நனைத்துக்கொள் ராஜா, உனக்கில்லாத வேட்டியா!

இருவரும் எழுந்து வந்தார்கள். வரும்போதே பாவாயி படலைத் தூக்கி நிறுத்தி, நகம் பிய்கிற அந்த முடிச்சைப் போட்டாள். சலங்கையை மகள் கையாலேயே தம்பிக்குக் கட்டச் சொன்னாள். இனிமேல் அது உன் பொறுப்பில்லை என்று பிடுங்கிக்கொள்ளவில்லை, கவனியுங்கள். மறுபடியும் அவளிடமே கொடுத்தாள். அந்தப் பெண் கட்டிய கட்டை நான் பார்த்தேன். இந்த ஜன்மத்தில் அது அவிழாது.

நான் பஸ்ஸுக்குக் கிளம்புவதற்குள் அர்த்தனாரி பெட்டி மூடியின் விளிம்பில் இரண்டு மரக்கட்டைகளை வைத்து ஆணி அடித்துவிட்டான். இனி அது முழுசாக மூடாது, காற்று போகும். அடுத்த வீட்டிலும் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. எதிர் வீட்டிலும் கேட்டது. மாநாடு போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, கமிட்டி வைத்து நாம் வருஷக்கணக்கில் செய்கிற காரியத்தை அந்தத் தெரு காபி ஆறுவதற்குள் செய்துவிட்டது.

சேலை வாங்கினேனா என்று கேட்கிறீர்கள். வாங்கினேன். நெய்யும் ஒரு செம்பு.

வாசலில் விடைபெறும்போது பாவாயியிடம் கேட்டேன். பையன் கிடைத்த சந்தோஷத்தில் எல்லோரும் தலைகால் தெரியாமல் நின்றபோது உனக்கு மட்டும் மகளின் ஞாபகம் எப்படி வந்தது? அவளுக்கு இது ஒரு கேள்வியாகவே படவில்லை.

"சின்னதுக்குச் சலங்கை கட்டிப்போடலாமுங்ணா. பெருசுக்கு என்னத்தைக் கட்டறதுங்க? கூப்புட்டுக்கிட்டேதான் இருக்கோணும்."

கரி பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தவழ்கிற பிள்ளைக்கு நாம் எவ்வளவு காவல் வைக்கிறோம்! அது ஓரளவு வளர்ந்து, தானாகச் சாப்பிட்டு, தானாகத் தலைவாரிக்கொள்ள ஆரம்பித்ததும் அப்பாடா என்று விட்டுவிடுகிறோம். அதற்குப் பிறகு அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, ஏதாவது வேலை ஏவ. இல்லாவிட்டால் வைய.

வீட்டுக்கு வந்தேன். எங்களுக்கும் ஒரு மகள், சாவித்திரி, பதினைந்து வயசு. உள்ளறையில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூப்பிட்டேன்.

"என்னப்பா? தண்ணி வேணுமா?"

"வேண்டாம்மா. சும்மாத்தான் கூப்பிட்டேன்."